குளியலறைச் சுவரின் அந்தப் பக்கம்

தம்பி,

நீ கேட்ட போட்டோவை அனுப்ப முடியவில்லை. குளியலறை வேலை முடிந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். வேலை முடியவில்லை, உன் கல்யாணத்துக்குள் முடியப் போவதுமில்லை. சுவர் வெறும் சிமெண்ட் பூச்சோடு நிற்கிறது. ஏன் இப்படி ஆயிற்று என்று போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், பின்னால் யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள், நானும் "நீ வேலையைப் பாருப்பா" என்று வைத்துவிடுவேன். இது அப்படிப் பாதியில் வைக்கிற விஷயமில்லை. உன் அப்பாவும் இதை வாய் திறந்து உன்னிடம் சொல்லமாட்டார். அதனால் எழுதுகிறேன். ஓசூரில் உனக்கு லீவு கிடைக்கிற நாளில் நிதானமாக உட்கார்ந்து படி.

அந்தச் சுவரை உனக்குத் தெரியும். குளியலறையில் வாளி வைக்கிற பக்கத்துச் சுவர். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அது ஈரம் கோத்துத்தான் நின்றது. முதலில் வெள்ளையடித்தது கொப்புளம் மாதிரி எழும்பும். பிறகு உப்புப் பூக்கும். அப்புறம் கை பட்டாலே பூச்சு பொரிந்து விழும். குளித்துவிட்டு வரும்போது தோளில் வெள்ளைத் தூளோடு வருவாய், நான் துண்டால் தட்டிவிடுவேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அப்பா ஒரு பழைய பனியனை மாட்டிக்கொண்டு, சட்டியில் சிமெண்டைக் குழைத்து, விழுந்த இடத்தையெல்லாம் தானே பூசுவார். கரிசல்காட்டு வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் கொத்துக்கரண்டி மட்டும் அவர் கைக்கு அடங்காது. சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும். "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "நல்லாருக்கு" என்பேன். ஆடி பிறப்பதற்குள் எல்லாம் தரையில் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளும்போது நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம்.

கடைசிச் சில வருஷங்களாக ஈரம் குறைந்திருந்தது. முன்பு நெஞ்சு உயரத்துக்கு ஏறி நின்ற ஈரக்கோடு முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா, எம் பூச்சு நிக்க ஆரம்பிச்சிருச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் செல்விச் சித்தி வீடு. ஒரே வீடாக இருந்ததை நடுவில் செங்கல் வைத்து இரண்டாக்கியபோது உனக்கு மீசை கூட அரும்பவில்லை. சண்டை என்று உனக்குத் தெரியும், எதற்கென்று நாங்கள் சரியாகச் சொன்னதில்லை. சித்தப்பா தன் பங்குக் கரிசல் நிலத்தைப் பட்டாசு கம்பெனிக்கு ஷெட் போட விடப் போவதாகச் சொன்னார். மழை தொடர்ந்து பொய்த்திருந்தது, உளுந்து விதைத்தது விதைத்தபடியே கருகிப் போயிற்று. எத்தனை நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பா கேட்கவில்லை. அப்போதுதான் வேறொரு ஊரில் நடந்த வெடிவிபத்தில் அவரோடு படித்த ஒருவர் இறந்து போயிருந்தார். அவருக்கு வந்தது கோபமில்லை, பயம். ஆனால் பயத்தைப் பயமாகச் சொல்ல அவருக்கு வரவில்லை. "நம்ம மண்ணுல பொணம் விழணும்னு ஆசைப்படுறியாலே" என்று கேட்டுவிட்டார். சித்தப்பா அதைச் சாபமாக எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் வீட்டு வாசலில் செங்கல் லோடு வந்து இறங்கியது.

கம்பெனி வந்தது, வேன் வேனாக ஆட்கள் வந்து போனார்கள். கடவுள் புண்ணியத்தில் அந்த நிலத்தில் இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை. சித்தப்பாதான் போய்ச் சேர்ந்தார், தன் வீட்டுக் கட்டிலில், நெஞ்சுவலியில். அன்றைக்கு அப்பா அந்த வீட்டு வாசலுக்கு எதிரே தெருவில் நின்றார். வெயில் ஏறி இறங்கும் வரைக்கும் நின்றார். எடுத்ததும் பின்னாலேயே சுடுகாட்டுக்கு நடந்தார். வீட்டுக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. நான் உள்ளே போய் அழுதேன், செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தபோது நமக்குப் பத்திரிகை வரவில்லை. அதற்கப்புறம் அவள் ஒருத்தியாக அந்த வீட்டில் இருந்தாள். தெருவில் எதிரே வந்தால் அவளும் குனிந்துகொள்வாள், நானும் குனிந்துகொள்வேன்.

இந்தத் தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் ஓய்ந்து கிடந்த ஒரு காலையில் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். படாரென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் சுவரிலிருந்து ஒரு கதவு அகலத்துக்குப் பூச்சு அப்படியே பெயர்ந்து தண்ணீருக்குள் கிடக்கிறது. அப்பா மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கிறார். கால் விரலில் சிராய்ப்பு, அவ்வளவுதான், தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குடத்தை அவசரமாகக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அங்கே ஒருத்தி அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அப்பா "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சத்தமாகவே சொன்னார். எனக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை.

அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் பண்ணினேன். நீ உடனே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாய். பளபளவென்று பிவிசி ஷீட், பழைய சுவரை இடிக்கவே வேண்டாம், அதன் மேலேயே அடித்துவிடலாம், ஒரே நாள் வேலை. "சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்மா" என்றாய். உன் அவசரம் எனக்குப் புரிந்தது. நித்யா நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளை, இந்தக் குளியலறைக்குள் வந்து முகம் சுளித்துவிடக் கூடாதே என்று எனக்கும்தான் இருந்தது. நான் சரி என்றே சொல்லியிருப்பேன். அப்பாதான் வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு, "மேல எதையாவது போட்டு மூடுறதத்தான் இத்தன வருசமா நானும் செஞ்சேன். கொத்தனாரக் கூப்பிடுவோம்" என்றார்.

கொத்தனார் கருப்பசாமி வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பைப்பில்தான் ஒழுக்கு என்றார். பைப்பை மாற்றினார். ஒரு வாரம் குழாயைத் திறக்காமல், முற்றத்தில் வாளி வைத்துக் குளித்தோம். சுவர் காயவில்லை. வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பைப்பு இல்லண்ணே. நான் நெனச்சது தப்பு. மொத்தப் பூச்சையும் கொத்திக் கல்லப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். கொத்த ஆரம்பித்தார். பூச்சு எளிதாக வந்துவிட்டது. உள்ளே செங்கல் வெந்த கிழங்கு மாதிரி இருந்தது. கீழ் வரிசையில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார், கல் இரண்டாகப் பிளந்து அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. பக்கத்துக் கல்லும் கூடவே போயிற்று. சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியே செல்வி வீட்டு வெளிச்சம் நம் குளியலறைக்குள் வந்தது.

அவள் வீட்டுச் சுவரை இடித்துவிட்டோம், இனி என்ன பேச்சு வருமோ என்று நின்றேன். அப்பா முற்றத்தில் இருந்தார். அந்தப் பக்கம் சேலை அசைந்தது. அவள் குனிந்து ஓட்டை வழியே பார்த்தாள். அத்தனை வருஷத்துக்கப்புறம் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "அக்கா, தள்ளி நில்லுங்க. மேல் வரிசையும் ஆடுது. கால்ல விழுந்துராம."

நான் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நல்லாருக்கியா செல்வி?" என்றேன்.

"இருக்கேன்க்கா" என்றாள். "அத்தானுக்கு அன்னைக்கு அடி ஒண்ணும் இல்லையே? சத்தம் கேட்டதும் எனக்கு உசுரே இல்ல."

கொத்தனார் அவள் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். செல்வி வாசலைத் திறந்துவிட்டாள். அவர் அங்கிருந்தபடியே ஓட்டை வழியாக என்னிடம் சொன்னார்: ஓட்டைக்குப் பக்கத்திலேயே இந்தச் சுவரை ஒட்டி அவர்களுடைய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, தொட்டியின் பின்பக்கச் சுவரே இதுதான், சித்தப்பா கட்டும்போது உள்பூச்சைச் சரியாகப் போடவில்லை, தண்ணீர் முழுக்க இந்தக் கல்லுக்குள்தான் இறங்கியிருக்கிறது. பிறகு அவளிடம் கேட்டார்: "என்னம்மா, இம்புட்டுப் பெரிய தொட்டியில அடியில மட்டும் தண்ணி கெடக்கு?"

செல்வி மெல்லத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது. "அவுக போனதுக்கு அப்புறம் ஒரு நா அத்தான் செவுத்தச் சுரண்டுற சத்தம் கேட்டுச்சு. வருசம் தவறாம கேக்கும். எங்க தொட்டித் தண்ணிதான் அங்கன போகுதுன்னு அப்பத்தான் எனக்குத் தட்டுப்பட்டுச்சு. நானே சிமெண்டு வாங்கி உள்ள பூசிப் பாத்தேன், நிக்கல. அதுலருந்து கால் தொட்டிக்கு மேல நெரப்புறதில்ல. பத்தலன்னா தெருக் குழாய்ல எடுத்துக்கிருவேன்."

"எங்ககிட்டச் சொல்லிருக்கலாமே செல்வி" என்றேன்.

"என்னன்னு சொல்லக்கா? சொன்னா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா குளியலறை வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது, ஆனால் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முழங்கால் உயரத்தில் நின்ற அந்த ஈரக்கோட்டையே பார்த்தார். தன் பூச்சு நிற்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். தொட்டி நிறையத் தண்ணீர் பிடிக்காமல், கோடையிலும் இடுப்பில் குடத்தோடு தெருக் குழாய்க்கு நடந்தவள் அவள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார். நம் வீட்டுக்குள் நுழையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்த வாசலில் போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"செல்வி, உள்ள வரலாமா?" என்றார்.

"வாங்க அத்தான்" என்றாள். பாயை விரித்தாள். அவர் உட்கார்ந்தார். சித்தப்பாவின் படம் மாலையோடு எதிரே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி காப்பி போட அடுப்படிக்குப் போனவள் பாதியில் நின்றாள். "அவுகளை இங்கன கெடத்தியிருந்தப்ப நீங்க தெருவுலயே நின்னீக" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன் அத்தான். கடைசி வரைக்கும் நீங்க வரல."

"வரணும்னுதாம்மா நின்னேன்" என்றார் அப்பா. "அவன் எந்திரிச்சு, இப்ப எதுக்குண்ணே வந்தேன்னு கேட்டிருவான்னு இருந்துச்சு. செத்தவன் கேக்க மாட்டான்னு தெரியும். தெரிஞ்சும் கால் வரல."

செல்வி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் அவளோடு போனேன். பால் பொங்கி வழிந்தது, இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் கண்ணைத் துடைத்திருந்தாள். "தொட்டிய இடிச்சிருங்க அத்தான். உங்க செவுரு காயட்டும்" என்றாள். அப்பா உடனே சொன்னார்: "தொட்டிய ஏன் இடிக்கணும்? அது அவன் கட்டுனது. அது பாட்டுக்கு இருக்கட்டும். செவுத்த விட்டு ஒரு முழம் தள்ளித் தொட்டிக்குத் தனியாக் கல்லு வச்சு அடைச்சிருவோம். நீ நெறையத் தண்ணி புடி." அவர் அழுததை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அழவில்லை. ஆனால் காப்பித் தம்ளரை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டார். மறுநாள் நான்தான் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதுதான் நடந்தது. இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன், உனக்கும் ஒரு நாள் உதவும். கருப்பசாமி வெந்து போன கல்லையெல்லாம் எடுத்துவிட்டுப் புதுக்கல் வைத்தார். இரண்டு பக்கமும் கல் தெரியும்வரை கொத்தி, உப்பைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, பிறகுதான் பூசினார். ஒரு பக்கம் மட்டும் பூசிப் பிரயோசனமில்லையாம். டைல்ஸ் ஒட்டச் சொன்னேன், முடியாது என்றுவிட்டார். "ஈரம் வடியணும்க்கா. இப்ப ஒட்டுனா உள்ளயே நின்னு, நாலு மழைக்குள்ள டைல்ஸோட சேர்ந்து வரும். அடுத்த கோடை கழியட்டும்" என்றார். அப்பாவும் அதையே சொன்னார். நித்யாவும் நீயும் ஓசூரில் வாடகை வீடு பார்க்கும்போது, ஹாலையும் பால்கனியையும் பார்த்து மயங்கிவிடாமல் குளியலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார். புதுசாகப் பெயிண்ட் அடித்த வீடு என்றால் இன்னும் நன்றாகப் பார். அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரி. குடிபோன பிறகு ஏதாவது ஒழுகினால், மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்காதே, போய்க் கதவைத் தட்டிச் சொல். அதே போல அவர்கள் வந்து சொன்னால் உள்ளே கூப்பிட்டு உட்கார வை. கல்யாணத்தைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நித்யா வாயைத் திறந்து சொல்கிறவற்றை நீ கேட்டுக்கொள்வாய், அது எனக்குத் தெரியும். அவள் சொல்லாமல் செய்துகொண்டிருப்பது எது என்று அவ்வப்போது கேட்டுப் பார்.

சம்பந்தி வீட்டார் வரும்போது சுவர் சாம்பல் நிறத்தில்தான் நிற்கும். நித்யாவிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தையே படிக்கக் கொடு, எனக்குக் கூச்சமில்லை.

இன்னொன்று. உன் பத்திரிகை அச்சடிக்க அப்பா சிவகாசிக்குப் போனபோது, நாம் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்ததில் சித்தப்பா பெயரையும் சித்தி பெயரையும் சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தார். அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் செல்வி வீட்டுக்குப் போனோம். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. "நல்ல காரியத்துல நான் எதுக்குக்கா? வீட்லருந்தே நெனச்சுக்கிடுறேன்" என்றாள். அப்பா விடவில்லை. "மாப்பிள்ளைக்கு நீ அம்மா முறை. நீ முன்னால நிக்காம வேற யாரு நிப்பா? எவன் என்ன சொல்லுவான்னு நான் பாத்துக்கிடுறேன்" என்றார். அவள் சிரித்தாள். பிறகு உண்மையான காரணத்தைச் சொன்னாள். "நீங்க கூப்பிட்டீக, சந்தோசம் அத்தான். ஆனா கல்யாணம் அவனுக்குல்ல? ஊருக்கு வந்தா என்னயத் தெருவுல பாத்துட்டுத் தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போற பிள்ள. அவன் மனசுல என்ன இருக்கோ. அவன் கூப்பிட்டா வாரேன்."

தலையைக் குனிய உனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த வீடுதான் தம்பி. நாங்கள் குனிந்ததைப் பார்த்து நீயும் குனிந்தாய். அதனால் உன்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ பிறந்ததும் எனக்கு மஞ்சள்காமாலை வந்து விருதுநகர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்துவிட்டேன். பிழைப்பேன் என்று யாரும் நினைக்கவில்லை. செல்வி அப்போது கல்யாணமாகி வந்த புதுசு, அவளே சின்னப் பிள்ளை மாதிரி இருப்பாள். உன்னைக் குளிப்பாட்டி, பால் புகட்டி, மடியிலேயே தூங்கவைத்து வளர்த்தவள் அவள்தான். நான் திரும்பி வந்து கையை நீட்டியபோது நீ என்னிடம் வராமல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய். எனக்கு அழுகையாக வந்தது. அவள்தான் உன்னைத் தினமும் என் பக்கத்தில் கிடத்தி, கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் பழக்கிவிட்டாள்.

அவளுக்குப் போன் பண்ணு. நம்பரை உனக்கு அனுப்பியிருக்கிறேன். பெரிய பேச்செல்லாம் வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டியதும் ஒன்றுமில்லை. "சித்தி, நான் பேசுறேன்" என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவள் பேசிக்கொள்வாள். தெரியாத நம்பர் வந்தால் அவள் எடுப்பதில்லை. அதனால் நேற்று அவள் போனை வாங்கி உன் நம்பரை நானே ஏற்றிக் கொடுத்தேன். என்ன பேர் போடட்டும் என்று கேட்டேன். உன் பெயரைச் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவளோ, "எம் மகன்னு போடுங்கக்கா" என்றாள்.

அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

உன் அம்மா